தங்கையின் மடிக்கணினி, என் இரண்டாவது திரை

வணக்கம் உறவுகளே. மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் அறுவடை இயந்திரம். எதிர் வயலில் குறுவை அறுக்கிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ, இந்த மடிக்கணினியைப் பாருங்கள். தங்கை பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. விசைப்பலகையில் காபியைக் கொட்டிய புண்ணியவான் நான்தான். ஏ, எஸ், டி மூன்று விசைகளும் அன்றோடு சரி. திரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பழைய இரும்புக்காரர் முந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.

இப்போது என் கணினியில் சுட்டியை வலப்பக்கம் தள்ளுகிறேன். ஓரத்தில் மறைந்தது, தங்கையின் மடிக்கணினியில் தலைகாட்டுகிறது, பார்த்தீர்களா? நடுவில், மானிட்டருக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ கேபிள் கிடையாது. மாட்டினாலும் பயனில்லை, சாதாரண மடிக்கணினியில் அந்தத் துளை படத்தை வெளியே அனுப்பும், உள்ளே வாங்காது. அதனால்தான் நெட்வொர்க் வழி.

ஒரு கணினியின் திரையை நெட்வொர்க் வழியே இன்னொன்றில் பார்க்க உதவும் விஎன்சி மென்பொருள் போதாதா என்று கேட்பீர்கள். கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த அருமையான கருவி அது. ஆனால் பொதுவாக, இருக்கிற திரையையே இன்னோர் இடத்தில் காட்டும். எனக்குத் தேவை கூடுதலாக ஒரு திரை: இங்கே வெட்டி ஒட்ட வேண்டும், அங்கே வீடியோ ஓட வேண்டும். அதற்கு, இல்லாத மானிட்டர் இருப்பதாக விண்டோஸை நம்பவைக்க வேண்டும். ஸ்பேஸ்டெஸ்க் என்ற மென்பொருள் என் கணினியில் நிறுவும் டிரைவர், அதாவது வன்பொருளை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் நிரல், அந்தப் பொய்யைத்தான் சொல்கிறது. தங்கையின் மடிக்கணினியில் அதன் வியூவரை, அதாவது படத்தை வாங்கிக் காட்டும் செயலியைத் திறந்து, என் கணினியின் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்தேன், வேலை முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? முதல் இரண்டு நாள் வைஃபையில் ஓட்டிப் பார்த்தேன். சுட்டி இங்கே நின்றுவிடும், அதன் படம் அரை நொடி கழித்து அங்கே வந்து நிற்கும். கணக்குப் போட்டால் காரணம் புரியும். 1366க்கு 768 திரையில் பத்து லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 30 படம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 94 எம்பி (மெகாபைட்). 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்; அந்தக் கம்பியில் நொடிக்குப் போவதே 12.5 எம்பிதான். ஆகவே மென்பொருள் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. கீழ்வீட்டு ரவுட்டரிலிருந்து சுவர் தாண்டி மாடிக்கு வரும் வைஃபைக்கு அதுவும் பாரம். தலைமடையில் எவ்வளவு திறந்தாலும் நடு வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்கு என்ன வரும்? இரண்டு கணினிக்கும் ரவுட்டரிலிருந்து லேன் கம்பி இழுத்தேன், தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியைப் பார்க்க விஎன்சியின் 5900 போர்ட்டை (அது பயன்படுத்தும் நெட்வொர்க் வாசல்) இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அதன் பழைய கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே பார்க்கும், அதனால் நீளமான கடவுச்சொல் வைத்தும் பயனில்லை.

அடடா, மின்சாரம் போய்விட்டது. ரவுட்டர் அணைந்ததும் அந்தத் திரையிலிருந்த சாளரங்கள் எல்லாம் முதல் திரைக்கே ஓடிவந்துவிட்டன, பாருங்கள். ரவுட்டரை இன்வெர்ட்டரில் மாட்டித் தாருங்கள் என்று அப்பாவிடம் மூன்று மாதமாகச் சொல்கிறேன். இருங்கள், கீழே போய் இன்னொரு முறை சொல்லிவிட்டு வருகிறேன்.