சுடுமண் சிற்பத்துக்குப் பெருமை கோரமே!

நடுவர் அவர்களே, சேலத்துப் பெருமக்களே, வணக்கம். 'சுடுமண் சிற்பத்துக்குப் பெருமை சேர்ப்பது எழிலா, கோரமா?' என்ற தலைப்பில், கோரமே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "கை தவறினால் கோரம் தானாக வரும், அதற்கு எதற்குப் பயிற்சி?" ஐயா, முனியப்பன் முன்னால் கைகூப்பி நிற்கிற ஊர் இது. அந்த உருட்டு விழியைக் கைத்தவறு என்பீர்களா? காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனியில் விலா எலும்பை எண்ணலாம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், இளிவரல் என்ற அருவருப்புக்கும் அச்சத்துக்கும் உவகையோடு சமமாக இடம் கொடுத்தார்.

கை தவறிய மண் சூளைக்குத் தாங்காது. தொங்கும் நாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கு மெலிசு, முகம் கனம். நாக்கு முந்திக் காய்ந்து சுருங்கும்; முகம் ஈரமாகவே இருக்கும்; ஒட்டில் விரிசல் விழும். அதனால்தான் களிமண்ணில் நூற்றுக்கு 20, 25 பங்கு சுட்ட மண் பொடியைக் கலக்கிறார்கள். அமுங்காமல், ஆனால் கத்தி இறங்குகிற பதத்தில் இரு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டுகிறார்கள். நாக்குக்கும் கொம்புக்கும் பாலிதீன் சுற்றி, முகத்தோடு சேர்ந்து காய வைக்கிறார்கள். பிதுங்கிய கண்ணை உருண்டையாக அப்பினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். கண்ணைக் குடைந்து, பின்னால் ஊசித்துளை விட வேண்டும். சூளையை 90 டிகிரியில் பல மணி நேரம் நிறுத்தி ஈரத்தை விரட்டிய பிறகே 100-ஐத் தாண்ட விடலாம். ஆறும்போதும் 573 டிகிரி அருகே அவசரம் கூடாது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகம் அங்கே சட்டென்று சுருங்கும். வழவழப்பான பூச்சாடிக்கு இவ்வளவு பாடு உண்டா?

தோலுக்கு வருவோம். பாளம் பாளமாக வெடித்த அந்தச் சொரசொரப்பு, கிளேஸில், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சில், மக்னீசியம் கார்பனேட் நூற்றுக்கு 25 பங்கு அளவுக்குச் சேர்ப்பதால் வருவது. நம் கருப்பூர்ப் பக்கம் வெட்டும் வெள்ளைக்கல்லும் அதே சேர்மம்தான்! ஆனால் கல்லை இடித்துப் போட்டால் அவ்வளவு பலிக்காது. பஞ்சு போன்ற லேசான தூள்தான் காயும்போது நன்றாகச் சுருங்கி வெடிப்பு விடும். அடியில் கறுப்பு மண்பூச்சு இருந்தால் வெடிப்பு வழியே அது தெரியும். தடிமன் மிஞ்சினால் பாளம் சூளைத் தட்டில் உதிர்ந்துவிடும். இதுவா, ஐயா, தானாக வருவது?

கலிபோர்னியச் சிற்பி ராபர்ட் ஆர்னெசனைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். அந்த மாநிலத்துக் கலையைப் பட்டிக்காட்டுத்தனம் என்று நியூயார்க் விமர்சகர் ஒருவர் எழுத, 1982-ல் ஆர்னெசன் தன் உருவத்தையே பெரிதாக மண்ணில் செய்து பதில் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடியின் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. எட்டிப் பார்த்தால் தலைக்குள் ஒன்றுமில்லை. வெடிக்காமலிருக்கப் பெரிய சுடுமண் தலைகளை உள்ளே கூடாகத்தான் செய்வார்கள். மற்றவர்கள் மறைக்கும் அந்தக் கூட்டை அவர் கண் வழியே திறந்து காட்டி, வசவுக்கு விடையாக்கினார். எழிலான முகம் எதிலாவது இப்படி ஒரு பதிலைச் சொல்ல முடிந்ததா? எதிரணி சொல்லட்டும். நன்றி, வணக்கம்.