வெள்ளவத்தைக்குள் வத்தளை

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதை, பேசிய ஒழுங்கிலேயே எழுதித் தருகிறேன்.)

அவையில் இருக்கும் பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஒரு நொடி போட்டுத் தொடங்குகிறேன். நான்கெழுத்தில் ஒரு நகரம். முதல் இரண்டெழுத்தை எடுத்தால் ஏரின் நுனியில் இருக்கும். இரண்டாம் எழுத்தை மட்டும் மறைத்தால் மாட்டின் தலையில் இருக்கும். என்ன ஊர்?

முன்வரிசைத் தம்பி சொல்லிவிட்டார். கொழும்புதான். கொழு என்பது கலப்பையில் மண்ணைக் கிழிக்கும் இரும்பு. ‘ழு’வை மறைத்தால் கொம்பு. நாம் குடியிருக்கும் ஊரின் பெயருக்குள் ஓர் உழவும் ஒரு மாடும் இத்தனை காலமாக நிற்கின்றன.

ஒரு நீண்ட சொல்லைக் கொடுத்து, அதன் எழுத்துகளை வைத்துச் சின்னச் சின்னச் சொற்களை எடுக்கச் சொல்லும் விளையாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அதை நன்றாகவே விளையாடுகிறார்கள். தமிழில் விளையாடுங்கள் என்றால், “சேர், தமிழில் அது சரிவராது, இரண்டு மூன்று சொல்லோடு முடிந்துவிடும்” என்கிறார்கள். பெற்றோரும் அதையே சொல்கிறார்கள். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஆனால் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நாம் இப்போது இருக்கும் வெள்ளவத்தையையே எடுங்கள். வெ, ள், ள, வ, த், தை. ஆறு எழுத்து. தை வரும், வதை வரும். கொஞ்சம் முயன்றால் ‘வள்ளத்தை’ வரும். அதற்கு மேல் கை ஓடாது.

காரணம் என்ன? ‘தை’ என்பது பூட்டிய பெட்டி. உள்ளே த் இருக்கிறது, ஐ இருக்கிறது. பெட்டியைத் திறக்காமல் விளையாடினால் ‘அத்தை’யை எங்கே தேடுவது?

இந்த அத்தையை நான் சும்மா சொல்லவில்லை. என் சனிக்கிழமை வகுப்பில் நடந்தது இது. பழைய பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி, உயிரெழுத்துகளைச் சிவப்பிலும் மெய்யெழுத்துகளைக் கறுப்பிலும் எழுதிக் கொடுத்தேன். வெள்ளவத்தையைத் திறந்து பாயில் பரப்பினோம். கறுப்பில் வ் இரண்டு, ள் இரண்டு, த் இரண்டு. சிவப்பில் அ இரண்டு, எ ஒன்று, ஐ ஒன்று. மொத்தம் பத்து மட்டை. ஒரு மட்டையை ஒரு சொல்லில் ஒரு தடவைதான் பாவிக்கலாம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை ‘எள்’ என்று வைத்தது. இன்னொரு பிள்ளை ‘வெள்ளை’. அப்புறம் ‘அவள்’, ‘அவை’, ‘வளை’, ‘அளவை’. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி சிவப்பு அ-வை முதலில் வைத்து, இரண்டு த்-களையும் அருகில் தள்ளி, கடைசியில் ஐ-யை விரலால் நகர்த்திக்கொண்டு வந்தாள். “சேர், அத்தை வந்திட்டா!” என்று கத்தினாள். அவள் குடும்பம் அட்டன் பக்கத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தது. வீட்டில் அத்தை என்று கூப்பிடுகிறவள். மற்றப் பிள்ளைகள் அப்பாவின் தங்கையை மாமி என்கிறவர்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால்தான் அந்த மட்டைகள் கிடந்தன, ஆனாலும் அத்தையைக் கண்டவள் இவள்தான். எந்தப் பிள்ளை எந்தச் சொல்லைக் காண்கிறதோ, அது அந்த வீட்டில் புழங்கும் சொல்.

அதன் பிறகு ‘தவளை’ வந்தது. பாயில் ஒரே சிரிப்பு.

பிள்ளைகள் போன பிறகு நான் மட்டும் அந்தப் பத்து மட்டைகளோடு இருந்தேன். சும்மா நகர்த்திக்கொண்டிருக்கும்போது, வ், அ, த், த், அ, ள், ஐ என்று ஏழு மட்டைகள் வரிசையாக வந்து நின்றன. வத்தளை! களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொழும்புக்கு வடக்கே இருக்கும் வத்தளை, தெற்கே இருக்கும் வெள்ளவத்தைக்குள் முழுசாக இருக்கிறது. மிச்சம் வ், எ, ள். சேர்த்தால் வெள். பத்து மட்டையில் ஒன்றுகூட வீணாகவில்லை. இரண்டுமே சிங்களத்திலிருந்து நம்மிடம் வந்த பெயர்கள். ‘வத்த’ என்றால் அங்கே தோட்டம். எங்கிருந்து வந்தாலும் தமிழ் எழுத்தைப் போட்டுக்கொண்ட பிறகு தமிழுக்கே உரிய வழியில் விளையாடுகின்றன.

மருதானை ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். ம, ரு, தா, னை என்று பூட்டியே வைத்தால் மனை, தானை, மரு. திறந்தால் ஆனை, தரை, உரை, மாது. இன்னும் தோண்டினால் மதுரை! மிச்சம் ஆன் என்ற இரண்டு மட்டை. ஆன் என்றால் பசு. மருதானை என்பது மதுரையும் ஒரு பசுவும்.

ஊர் ஊராகப் போகலாம். மட்டக்களப்புக்குள் களப்பு இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. அதைத் திறந்தால்தான் மக்கள் தெரிகிறார்கள். திருகோணமலையைத் திறந்தால் அலை, கரை, மணல். யாழ்ப்பாணத்தில் பாண் இருக்கிறது, பாழ் இருக்கிறது. பணம் மட்டும் இல்லை. அதற்கு இரண்டு அகரம் வேண்டும், அந்தப் பெயரில் ஒன்றுதான் உண்டு.

இப்படி எழுத்தைப் பிளப்பது தமிழுக்குச் செய்யும் வன்முறை அல்லவா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். மரியாதையுடன் மறுத்தேன். நம் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் கணக்கு 247. தொல்காப்பியர் தொடக்கத்திலேயே தரும் கணக்கு, அகரம் முதல் னகரம் வரை முப்பது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய். ஆய்தம் ஒன்றை விட்டால், மற்றவை இவை சேர்ந்து பிறந்தவை. ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்று நன்னூலை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அதைத்தான் இந்த மட்டைகள் கைக்குக் காட்டுகின்றன. பரீட்சைக்கு அந்த நூற்பாவை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, ‘தவளை’யில் எத்தனை மெய் என்று கேட்டால் திகைப்பு வருகிறது. பாயில் உட்கார்ந்த பிள்ளைக்கு வருவதில்லை.

ஆங்கிலத்தில் ஸ்கிரபிள் என்ற விளையாட்டு உண்டு. 1930களில் அதற்கு அடிபோட்டவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற நியூயோர்க் கட்டடக் கலைஞர். பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் கட்டைகளைப் பங்கிட்டார். ஆங்கிலப் பெட்டியில் 100 கட்டை, அதில் ‘ஈ’ என்ற எழுத்துக்கு 12, ‘கியூ’வுக்கு 1. தமிழில் 247 வகைக் கட்டை செய்யப் போனால் வீட்டில் வைக்க இடமிராது. முப்பது வகை என்றால், ஆங்கிலத்தின் இருபத்தாறுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். நானும் பிள்ளைகளோடு ஒரு பத்திரிகைப் பக்கத்தை எண்ணிப் பார்த்தேன். அகரத்துக்கு மட்டை வெட்டி மாளவில்லை. ஔகாரத்துக்கு ஒன்று போதும்.

நம் புலவர்கள் இன்னும் நுட்பமாக விளையாடியிருக்கிறார்கள். தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலில் மாத்திரைச் சுருக்கம் என்று ஒரு சித்திரகவி, அதாவது எழுத்து விளையாட்டுப் பாட்டு, இருக்கிறது. மாத்திரை என்பது ஓர் எழுத்தை ஒலிக்கும் நேர அளவு. நீர்நிலை ஒரு புள்ளி பெற்றால் நெருப்பாகும் என்கிறது அதன் உதாரணப் பாட்டு. அந்தக் காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைப்பார்கள், புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஆகவே ‘ஏரி’யின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ‘எரி’. தண்ணீருக்கும் தீக்கும் நடுவில் ஒரே ஒரு மாத்திரை! இதைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

‘வள்ளத்தை’ என்றேன், அதற்கு வருகிறேன். வேற்றுமை உருபு ஏற்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று வகுப்பில் பெரிய சண்டை. முதலில் நான் கூடாது என்றேன். அப்போது ஒரு பையன், “வள்ளம் இதில வராது சேர், ‘ம்’ இல்லை. ஆனா வள்ளத்தை வருதே, எப்படி?” என்று கேட்டான். சொல்லுக்கும் உருபுக்கும் நடுவில் வரும் அத்துச் சாரியையை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். மகரம் கெட்டு, அத்து வந்து, ஐ சேர்வதை ஒரு பிள்ளை தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து சட்டத்தை மாற்றிவிட்டேன். உருபு ஏற்ற சொல்லை வைக்கலாம், ஆனால் எப்படி வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

கணினி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கணினியில் தயாரித்த பயிற்சித்தாள் ஒன்று என் கைக்கு வந்தது. கொழும்பில் எட்டு எழுத்து என்று போட்டு, கொம்பும் காலும் சேர்ந்து ஒரு பெட்டியிலும், புள்ளி வேறொரு பெட்டியிலும் தொங்கின. பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ம-வுக்கு ஒரு இடம், புள்ளிக்கு ஒரு இடம். ம-வின் மேல் புள்ளி வைத்து ம் ஆக்குகிறது கணினி. இலக்கணமோ ம்-மோடு அகரத்தைச் சேர்த்து ம ஆக்குகிறது. நேர் எதிர் வழி. அதனால் கொழும்பு நமக்கு நான்கு எழுத்து, மட்டையில் ஏழு, கணினிக்கு எட்டு. நிரல் எழுதும்போது முதலில் உயிரும் மெய்யுமாகப் பிரித்துவிட்டு, அதன் பிறகு விளையாட்டைத் தொடங்குங்கள். பெரிய வேலை இல்லை, அக்கறை இருந்தால் ஒரு மாலையில் முடியும்.

கூட்டம் முடிந்து காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல் தந்து அனுப்புகிறேன். பலகையில் புறக்கோட்டை என்று இருக்கும். கோட்டையும் கோடையும் திறக்காமலே கிடைக்கும். திறந்தால் ஓடை, ஓட்டை, பறை. பக்கத்து ஆசனத்தில் யாராவது அயர்ந்து தூங்கினால் உற்றுக் கேளுங்கள், குறட்டையும் அதற்குள் இருக்கிறது. வாசலில் மட்டைக் கட்டுகள் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். ஔகாரம் தொலைந்தால் பரவாயில்லை. அகரங்களைக் கவனமாக வைத்திருங்கள்.