வாரக் கடைசிக்கு இதம் வீட்டு வேலைதான்!

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், நாற்காலி போதாமல் மண்டப வாசல் வரை நிற்கும் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம்.

'வாரக் கடைசியில் மனதுக்கு இதம் தருவது கைப்பேசியில் வரும் விந்தைச் செய்தியா, வீட்டில் செய்யும் வேலையா?' என்பது தலைப்பு. வேலைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி பத்து பகாட் குரங்குக் கதையைச் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். நல்ல கதைதான். ஆனால் தம்பி பாதியில் நிறுத்திவிட்டார், மீதியை நான் சொல்கிறேன். 2020 செப்டம்பர், ஜொகூர் பத்து பகாட். ஒரு மாணவர் சனிக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் கண் விழிக்கிறார். போனைக் காணோம். கதவு உடையவில்லை, திருடன் வந்த தடயமே இல்லை. அன்று பகல் இரண்டு மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் மரத்தில் உட்கார்ந்து, ஒரு குரங்கு அந்தப் போனில் தன் முகத்தைத் தானே படம் பிடித்துக்கொண்டிருக்கிறது! படம் மட்டுமா? வீடியோ! போனை வாயில் வைத்துக் கடித்தும் பார்த்திருக்கிறது. ருசிக்கவில்லை, போட்டுவிட்டுப் போய்விட்டது.

தம்பி இங்கே நிறுத்தினார், நீங்களும் சிரித்தீர்கள். போன் எப்படிக் கிடைத்தது? அதைச் சொன்னாரா? ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்கு வெளியே ஒரு குரங்கைக் கவனித்தார். அதன் பிறகு அந்த நம்பருக்கு மறுபடி அழைத்தார்கள். கொல்லைக்கு அந்தப் பக்கம் நாலு எட்டில் மணி ஒலித்தது. பனை வகை மரத்தடியில், இலைகள் மேல், சேறு படிந்து கிடந்தது போன். மறுபடி கேளுங்கள்: அப்பா வெளியே பார்த்தார், கொல்லைக்கு அந்தப் பக்கம் கிடைத்தது! நடுவர் ஐயா, இந்தச் செய்தி எங்கள் அணிக்குச் சொந்தம். சனி, ஞாயிறில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடக்கிற மனிதர் கண்ணில்தான் விந்தை படும்.

அடுத்து தம்பி ஒரு வார்த்தை விட்டார்: "ஞாயிற்றுக்கிழமை தட்டுக் கழுவுகிறவர்களுக்கு உலகம் எங்கே தெரியும்?" நான் எழுதி வந்த மற்ற குறிப்புகளை மடித்து வைத்துவிடுகிறேன். இதற்குப் பதில் சொல்லாமல் இறங்க முடியாது.

தட்டுதானே? ஐஸ்பெட்டிக்குப் பின்னால், மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இருக்கிறது. பனி உருகி வடியும் தண்ணீர் அதில் தேங்கும். பூந்தொட்டிக்கு அடியில் இன்னொரு தட்டு. சாமி மேடையில் பூ வைத்த செம்பு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருக இவ்வளவு போதும். முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். மலேசியச் சுகாதார அமைச்சு வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்வது இதனால்தான். வாரா வாரம் கவிழ்த்தால் அது பறப்பதற்குள் நாம் முந்திக்கொள்ளலாம்.

பலர் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே திரும்ப வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் மேலே, ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் தொட்டதும் பொரியும். ஆகவே பிரஷ் போட்டு உள்சுவரைச் சுற்றித் தேய்க்க வேண்டும் அம்மா, விளிம்பு வரைக்கும்! பிறகு வெயிலில் கவிழ்த்து வையுங்கள். காலி பண்ண முடியாத தொட்டி என்றால், 10 லிட்டருக்கு 1 கிராம் ஆபேட், அதாவது கொசுப் புழுவைக் கொல்லும் மருந்து. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நம் பெரியவர்களுக்கு இது புதிதில்லை. பால்வெட்டு இல்லாத நாளில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

உலகம் தெரியாதவர்களா இவர்கள், தம்பி?

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். தோட்டத்தில் இன்னும் லயத்து வீட்டில், தொழிலாளர் வரிசை வீட்டில், தனியாக இருக்கும் தாய்மார்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பிள்ளைகள் கோலாலம்பூரில், ஜொகூர் பாருவில், சிங்கப்பூரில். குழாய்த் தண்ணீர் நின்றுவிடும் என்று பின்கட்டில் 200 லிட்டர் டிரம்மில் பிடித்து வைத்திருப்பார்கள். நிறைந்தால் அது 200 கிலோ. வாழ்க்கை முழுக்க விடியுமுன் பெரட்டுக்கு, தோட்டத்தில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய் நின்ற கால், இன்று அந்த டிரம்மைச் சாய்க்க வலுவில்லாமல் நிற்கிறது. மகன் அனுப்பிய குரங்கு வீடியோவைப் பார்த்து அம்மா சிரிக்கிறார், உண்மைதான். பக்கத்து வீட்டுக்கும் காட்டுகிறார். சிரித்து முடிந்ததும் டிரம் அங்கேயேதான் இருக்கிறது. 20 கிராம் ஆபேட்டை அளந்து போடுவதற்குக்கூடக் கண் தெரியவில்லை.

அவர் மகனைத் திட்டவில்லை. "பிள்ளைக்கு வேலை அதிகம்" என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறார்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, நாளைக்கு ஞாயிறு. வீடியோவை அனுப்பாதீர்கள், நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். காட்டிவிட்டு டிரம்மைச் சாய்த்து, தேய்த்து, திரும்ப நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அம்மா பசியாறத் தோசை ஊற்றுவார், சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.