ஓரம் வெட்டாத சீசர்கள்

தலைவர் அவர்களே, தலைவருக்கு முன்பே வந்து நாற்காலி போட்ட செயலாளர் அவர்களே, பணிகளுக்கிடையே வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அம்மையார் அவர்களே, ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஆங்கிலம் நடத்தி, இன்று என் தமிழைத் திருத்த முன்வரிசையில் காத்திருக்கும் ஐயா அவர்களே, பொன்னாடை தந்த ஜவுளிக்கடை அண்ணன் அவர்களே (இந்தப் புழுக்கத்திலும் பேசி முடிக்கும்வரை கழற்ற மாட்டேன்), வாசகர் வட்ட நண்பர்களே, வணக்கம்.

ரோமப் பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகள், அவற்றின் பழைய பதிப்புகளைச் சேகரிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்வேன். எந்தப் பதிப்புகள், அசலை அறிவது எப்படி, என்ன விலை.

சூட்டோனியஸ் என்பவர் பேரரசர் ஹேட்ரியனிடம் கடிதப் போக்குவரத்தைக் கவனித்த செயலாளர். ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரை 12 பேரின் வாழ்க்கையை எழுதினார். போரை இரண்டு வரியில் முடித்துவிட்டு, யார் என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற மனிதர்.

அதில் டைபீரியஸ் கதை ஒன்று. நம் கொங்கு மண்ணில் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் முகம் காட்டுகிறாரே, அதே டைபீரியஸ்தான். இத்தாலியின் காப்ரி தீவுக்குப் போய்ச் சில நாள்தான் ஆகியிருக்கிறது. தனியாக இருக்கிறார். ஒரு மீனவனுக்குப் பெரிய மீன் ஒன்று அகப்பட்டது. சந்தைக்குப் போயிருக்கலாம் அல்லவா? ராஜாவுக்கே கொடுப்போம் என்று தீவின் பின்பக்கம், பாதையே இல்லாத பாறையில் தொற்றி ஏறி வந்து, திடீரென்று எதிரில் நிற்கிறான். பேரரசர் பயந்துபோனார். பயந்த ராஜா என்ன செய்வார்? அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். செதில் கிழித்து ரத்தம் வருகிறது. அப்போதாவது சும்மா இருந்தானா? “நல்லவேளை, நான் பிடித்த அந்தப் பெரிய சிங்கி இறாலைக் கொண்டுவரவில்லை” என்றான். பேரரசர் காதில் விழுந்தது. “அதையும் எடுத்து வா” என்றார். அதனாலும் தேய்த்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும்!

சரி, பதிப்புகளுக்கு வருவோம். இந்நூல் 1470இல் ரோமில் முதலில் அச்சேறியது. அதே ஆண்டில், அதே ஊரில், இரண்டு பதிப்புகள். மறு ஆண்டு வெனிஸில் நிக்கோலா ழான்சோன் ஒன்று போட்டார், அச்செழுத்தின் அழகுக்குப் பேர்போனவர். 1493இல் இத்தாலியின் பொலோனியாவில் பெரோவால்தோ என்ற அறிஞரின் உரையோடு ஒன்று. 1595இல் ஜெனீவாவில் ஐசக் கசோபன் என்ற அறிஞரின் பதிப்பு. 1606இல் ஃபிலமன் ஹாலண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு. இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு. நம்மைப் போன்றவர்கள் 1700களின் சின்னப் பதிப்புகளைத்தான் பார்க்க முடியும். கடையில் எதைக் கண்டாலும் “ஆஹா, இதைத்தான் தேடினேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த நொடியில் விலை ஏறும். நுணல்தான்.

இரண்டாவது, அசலை அறிவது. தாள்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஆரம்ப அச்சு நூல்கள் பலவற்றில் பக்க எண்ணே கிடையாது. அத்தியாயத்தின் முதல் எழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள், பிறகு கையால் வரைந்துகொள்ள. அப்புறம் முக்கியமாக ஓரம். ஓரம் எவ்வளவு அகலமோ அவ்வளவு மதிப்பு.

ஏன்? படித்தவன் பேசுகிற இடம் அதுதான். கவிஞர் பெட்ரார்க் வைத்திருந்த சூட்டோனியஸ் கையெழுத்துப் பிரதி, அவர் ஓரக்குறிப்புகளோடு ஆக்ஸ்போர்டின் எக்ஸெட்டர் கல்லூரியில் இருக்கிறது. கசோபன் கிறுக்கிய புத்தகங்களை பிரிட்டிஷ் நூலகம் பாதுகாக்கிறது. கிறுக்கலுக்குத்தான் அந்த மரியாதை.

என் கதையைக் கேளுங்கள். அப்படி ஒரு சின்னப் பதிப்பு என்னிடமும் உண்டு. முகம் தெரியாத யாரோ மையால் ஓரமெல்லாம் லத்தீனில் எழுதிவைத்திருந்தார். முதுகுத் தோல் பிய்ந்ததால் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்தேன். கொடுத்தவன் சும்மா வராமல், “நல்லா நீட்டாப் பண்ணிக் கொடுங்கண்ணா” என்றேன். கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் வெட்டி, பளபளவென்று கொடுத்தார். குறிப்புகளில் பாதிப் பாதிச் சொற்கள் போய்விட்டன. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நுணலும் தன் வாயால்தானே.

சூட்டோனியஸ் எழுதிய ஜூலியஸ் சீசர் வரலாற்றுக்கும் இதே கதிதான், அதன் தொடக்கமே இன்று கிடையாது. நமக்குக் கிடைத்த பிரதிகள் எல்லாமே, பதினாறாம் வயதில் தந்தையை இழந்தார் என்றுதான் தொடங்குகின்றன. பிறப்பு, குலம், சமர்ப்பணம் எல்லாம் போயிற்று. மூலப்பிரதி ஒன்றில் முன்தாள்கள் கழன்றதால் வந்த வினை. நம் நூலகங்களிலும் பைண்டிங்குக்குப் போகிற புத்தகம் முன்தாள் இல்லாமல், ஓரம் இல்லாமல் திரும்பி வருகிறது. அன்பளித்தவர் கையெழுத்து, ஊர், தேதி, எல்லாம் அந்தத் தாளில்தானே இருந்தன?

அம்மையார் அவர்களே, உங்கள் முன்னால் ஒரே ஒரு விண்ணப்பம். 1950க்கு முந்தைய எந்தப் புத்தகத்தையும் கட்டிங் மெஷினில் வைக்கக் கூடாது, முன்தாளை எறியக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். செலவு ஒன்றும் இல்லை. சும்மா இருந்தால் போதும்.

மணி அடிக்கிறார்கள். விலை பற்றிச் சொல்வதாக ஆரம்பத்தில் நானே வாயைக் கொடுத்துவிட்டேன், அதற்கு நேரமில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்திட வாசல் மேஜையில் நோட்டு இருக்கிறது. ஓரம் விட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.