அத்தைக்கு மீசை முளைத்தால் அமலுக்கு வரும் சட்டம்!

[திரையில்: இரண்டு சுவர்க் கடிகாரங்கள். ஒன்றின் முள் மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது.]

உங்கள் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். தினமும் அவளுக்குக் காலை 11 மணி ஆகும்போது போன் செய்கிறாள். இங்கே இரவு எட்டரை. நவம்பர் பிறந்ததும் அதே போன் ஒன்பதரைக்கு வருகிறது, அம்மா பாதித் தூக்கத்தில் எடுக்கிறார். மகள் மாறவில்லை, அமெரிக்கக் கடிகாரம்தான் மாறிவிட்டது. மார்ச்சில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், அதற்குப் பெயர் கோடை நேரம். நவம்பரில் பழையபடி பின்னால் இழுத்துவிடுவார்கள்.

இந்தக் கூத்தை நிறுத்தி, வருடம் முழுக்கக் கோடை நேரமே வைத்துக்கொள்ள ஏறக்குறைய 20 அமெரிக்க மாநிலங்கள் ஏற்கெனவே சட்டம் போட்டுவிட்டன. அதில் ஒன்றுகூட இன்னும் நடைமுறைக்கு வரவில்லை!

பின்னணியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், கொட்டாவி விட வேண்டாம். 1966-ல் வந்த மத்தியச் சட்டப்படி, ஒரு மாநிலம் கோடை நேரமே வேண்டாம் என்று விலகலாம். ஆனால் வருடம் முழுக்கக் கோடை நேரம்தான் என்று வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு காங்கிரஸ் மனது வைக்க வேண்டும். நம்மூர் கட்சி இல்லை, அவர்கள் நாடாளுமன்றம். அதனால் மாநிலங்கள் "மத்தியச் சட்டம் மாறினால், அன்றைக்கு எங்கள் சட்டம் தானாக உயிர் பெறும்" என்று எழுதி வைத்துவிட்டன. இதற்குப் பெயர் ட்ரிகர் சட்டம். நாம் சொல்வோமே, அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று, அதேதான்.

ஆனால் சில சமயம் மீசை முளைத்துவிடும். 2022 ஜூன் 24-ல் கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ எதிர் வேட் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, 13 மாநிலங்களில் கருக்கலைப்புத் தடைச் சட்டங்கள் தயாராகக் காத்திருந்தன. லூசியானா அதை எழுதியது 2006-ல். பெரிய விஷயம், அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

நாம் கடிகாரத்துக்கு வருவோம். 2018-ல் புளோரிடா தன் சட்டத்துக்கு வைத்த பெயர் "சூரிய ஒளி பாதுகாப்புச் சட்டம்". சூரியனுக்கே பாதுகாப்பு! அப்புறம் வரிசையாக மற்றவர்கள். டெலவேர் சொல்கிறது: காங்கிரஸ் அனுமதித்தால் மட்டும் போதாது, பக்கத்து மாநிலங்களான பென்சில்வேனியா, நியூஜெர்சி, மேரிலாந்தும் மாற வேண்டும். யூட்டாவுக்கோ, நாட்டின் மேற்குப் பகுதி மாநிலங்களில் இன்னும் 4 துணைக்கு வர வேண்டும். ஐடஹோவின் வடபகுதி வாஷிங்டன் மாநிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கிணற்று மேட்டில் பையன்கள் நின்றுகொண்டு "நீ முதல்ல குதி, பின்னாடியே வரேன்" என்பார்களே, அந்தக் கதை.

பக்கத்து ஊரைப் பார்க்காமல் கடிகாரம் வைத்தால் என்ன ஆகும்? அரிசோனாவுக்கு வாருங்கள். இதற்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன்.

[திரையில்: அரிசோனா வரைபடம். மேலே ஒரு மெதுவடை.]

கோடை நேரம் வைத்தால் சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக மறையும். பாலைவன வெயிலில் அது யாருக்கு வேண்டும்? 1968-லேயே அரிசோனா விலகிவிட்டது. ஆனால் அதன் வடகிழக்கில் உள்ள நவஹோ பழங்குடியினரின் நிலம் பக்கத்து மாநிலங்களுக்குள்ளும் நீள்கிறது. தங்கள் மக்கள் எல்லோருக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று அவர்கள் முள்ளை மாற்றுகிறார்கள். அந்த நிலத்துக்கு நடுவே ஹோப்பி பழங்குடியினரின் நிலம். அவர்கள் மாற்றுவதில்லை!

அதாவது தட்டு அரிசோனா, வடை நவஹோ, வடையின் ஓட்டை ஹோப்பி. தட்டிலும் ஓட்டையிலும் ஒரே நேரம், வடையில் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால். போதாக்குறைக்கு அந்த ஓட்டைக்குள்ளேயே ஒரு சின்ன நவஹோ துண்டு நிலமும் இருக்கிறது. கோடையில் அந்த வழியே காரில் போனால், கடிகாரத்தைத் திருப்பித் திருப்பியே கை வலிக்கும். டூபா சிட்டியில் மணி 9 என்றால் அதை ஒட்டியே இருக்கும் மோயன்கோப்பியில் 8. பஸ்ஸைத் தவறவிட்டவர் பக்கத்து ஊருக்கு நடந்தால் பிடித்துவிடலாம் போல!

சரி, காங்கிரஸ் என்ன செய்தது? 2022 மார்ச் 15-ல் செனட் நிரந்தரக் கோடை நேர மசோதாவை ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேற்றியது. கீழவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

என்னைக் கேட்டால், அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. எண்ணெய் நெருக்கடியின்போது நாடு முழுக்க இதைச் செய்து பார்த்தார்கள். 1974 ஜனவரி 6-ல் ஆரம்பம். குளிர்கால விடியல் ஒரு மணி நேரம் தள்ளிப்போனதால் பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்குப் போனார்கள், சாலை விபத்துகளில் சில குழந்தைகள் இறந்தார்கள். அதே அக்டோபரில் ஏற்பாடு கலைக்கப்பட்டது. அப்போது இதைக் கைவிடச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் ஒரு மாநில ஆளுநரும் உண்டு. எந்த மாநிலம் தெரியுமா? சூரிய ஒளியைப் பாதுகாக்கும் அதே புளோரிடா!

உங்கள் வீட்டுக்கு நவம்பரில் போன் எத்தனை மணிக்கு வருகிறது? கமென்ட்டில் போடுங்கள். அரிசோனாவில் யாராவது இருந்தால், எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள்: தட்டா, வடையா, ஓட்டையா?