கனக்க யோசிக்காதே

(திருகோணமலையில் மனநலம் பற்றி நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மனச்சோர்வு நோய் மூன்று தரம் வந்தது. மூன்று தரமும் வீட்டுக்கு வந்துபோனவர்கள் தந்தது ஒரே மருந்துதான்: "கனக்க யோசிக்காதே பிள்ளை." அன்பில் சொன்னது, குறைகூறவில்லை. ஆனால் யோசிக்காமல் இருக்கத் தெரிந்தவளுக்கு அந்த நோய் ஏன் வரப்போகிறது? யோசிக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது என்று யோசித்தே விடியும்வரை முழித்துக் கிடந்திருக்கிறேன்.

மன விழிப்புப் பயிற்சி (mindfulness) எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அது அந்தப் புத்திமதியைச் சொல்லவில்லை. யோசனை ஓடுகிறதா, ஓடட்டும். ஓடுகிறது என்பது உனக்குத் தெரிந்தால் போதும் என்றது.

அம்மா தவறி 31ஆம் நாள் கிரியைக்குக் கன்னியாவுக்குப் போயிருந்தோம். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் வாளி தோளில் விழுந்தபோது உடம்பு இளகியது. அடுத்த கிணற்றுத் தண்ணீர் சுள்ளென்றது. மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு பெரிதாக வெளியே வந்தது. அம்மா கடைசிக் கிழமையில் கஞ்சி கேட்டதும் நான் எரிச்சல்பட்டதும் நினைவுக்கு வந்தன. அழுதேன். வாளியை மறுபடி இறக்கினேன். கயிறு உள்ளங்கையில் உரசியது. நினைவு வந்தது, தண்ணீர் விழுந்தது, மறுபடி வந்தது. அதை நான் விரட்டவுமில்லை, பிடித்து வைக்கவுமில்லை. வருடங்கள் கழித்து கிளினிக்கில் ஒரு தாதி மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தந்தபோது, இதைத்தானே கன்னியாவில் செய்தேன் என்று சிரித்துவிட்டேன்.

இதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. பாளி மொழியில் 'சதி' (sati) என்பார்கள், விழிப்போடு கவனித்தல் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குள் இது வந்த கதை வேறு. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜோன் கபட்-சின் என்பவர், நாட்பட்ட நோவோடு இருந்தவர்களுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பிறகு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் அதைச் சிந்தனைச் சிகிச்சையோடு (எண்ணங்களின் போக்கைப் பேசிச் சரிசெய்யும் cognitive therapy) சேர்த்து, மனச்சோர்விலிருந்து எழும்பியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் வந்த முடிவு இது: மூன்று தரமோ அதற்கு மேலோ நோய் வந்தவர்களில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 100க்கு 66 பேர் மறுபடி விழுந்தார்கள், பயிற்சியும் சேர்ந்தவர்களில் 37 பேர். இரண்டே தரம் வந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. மூன்று தரம் விழுந்த நான் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

2015இல் இங்கிலாந்தில் 424 பேரிடம் இன்னொரு ஆய்வு செய்தார்கள். குளிசையைத் தொடர்ந்தவர்களும், பயிற்சி எடுத்துக்கொண்டே குளிசையைக் குறைத்தவர்களும் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுபடி விழுந்தார்கள். சரி, இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலை குளிசையைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். அங்கே மருத்துவரின் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார்கள். நான் இன்றைக்கும் குளிசை போடுகிறேன். நோய் உச்சத்தில் இருந்தபோது என்னால் பல் விளக்கவே முடியவில்லை. அப்போது யாராவது மூச்சைக் கவனி என்றிருந்தால் அடித்திருப்பேன். இது எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகு பிடிக்கிற கைத்தடி.

எங்கள் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். மனம் சரியில்லையென்றால் "கடற்கரையில் போய்ச் சும்மா இரு" என்பது இங்கே வழக்கம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அலைச் சத்தமே நெஞ்சைப் பதறவைக்கும் ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். யுத்தத்தைக் கண்டவர்களில் சிலருக்குக் கண்ணை மூடினாலே படங்கள் வந்துவிடும். அவர்கள் கண்ணை மூட வேண்டாம், கடலுக்கும் போக வேண்டாம். பானை கழுவலாம், பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம். ஆளில்லாமலே குரல்கள் கேட்கிறவர்கள் தனியே நெடுநேரம் மௌனமாக இருப்பது சரிவராது; சிகிச்சை தருபவரிடம் கேட்டு, சில நிமிடம் மட்டும் செய்யலாம். பயிற்சியில் பதற்றம் கூடினால் நிறுத்திவிடுங்கள், அது தோல்வியில்லை. இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள்.

"இது பௌத்தர்களுடைய சமயமல்லவா?" என்று ஒரு அக்கா கேட்டார். கோணேசர் கோயில் மணி அடித்து, அந்த நாதம் ஓயும்வரை காதைக் கொடுத்து நின்று பாருங்கள் அக்கா என்றேன். அடுத்த கிழமை வந்து, "பாதியிலேயே மனம் சந்தைக்குப் போய்விட்டதே" என்றார். போனது தெரிந்ததா என்று கேட்டேன். "ஓம், மீன் விலையோடு திரும்பி வந்தேன்" என்றார். அவர் என்னைவிட நல்ல மாணவி.

இப்போது இரண்டு நிமிடம் செய்து பார்ப்போம். கண் திறந்தே இருக்கட்டும். செருப்பைக் கழற்றிவிடுங்கள். பாதத்தின் கீழே தரை குளிர்கிறதா? ஃபேன் காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது? கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான் ஒன்று வாசலில் நம்முடைய அறிவித்தல் தாளைத் தின்றுகொண்டிருக்கிறது. விரட்ட வேண்டாம். விரும்பியவர்கள் அதையே பாருங்கள்.