ராத்திரியை முழுசாகக் கொடுங்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அரங்கம் நிறைய வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

"பழைய ராக் கச்சேரிப் பதிவுகள் வெளிவர வேண்டியது முழுமையாகவா, பொறுக்கித் தொகுத்தா?" இதுதான் தலைப்பு. முழுமையாகத்தான் என்று பேச நான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எந்தக் கலைஞனுக்கும் சரியில்லாத ராத்திரி உண்டு, அதை ஊருக்குக் காட்டுவது அவனுக்குச் செய்யும் அவமரியாதை என்றார். பழைய டேப்பில் இரைச்சலும் வெட்டும் இருக்கும், அதை எதற்குக் கேட்க வேண்டும் என்றார். கடைசியாக, எழுபது எண்பது சிடியைப் பெட்டியில் போட்டு விற்பது ரசிகனின் பையைக் காலி பண்ணும் வேலை என்றார்.

நன்றாகத்தான் பேசினார். ஆனால் பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் வாதம் எங்கேயும் போய்ச் சேராது. அதனால் நான் ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொள்கிறேன். கிரேட்ஃபுல் டெட். 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் சேர்ந்தவர்கள். 1995 ஆகஸ்டில் குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறந்துபோகும் வரை, முப்பது வருஷத்தில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தவர்கள். பெயர் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் வாசித்த 'பிளானட் டிரம்' தொகுப்புக்கு 1992இல் கிராமி விருது கிடைத்தது அல்லவா? அதை முன்னின்று நடத்திய மிக்கி ஹார்ட் இந்தக் குழுவின் டிரம்மர்தான்.

இந்தக் குழுவை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு இன்ன பாட்டு, இந்த வரிசை என்று எழுதி வைத்துக்கொண்டு இவர்கள் மேடை ஏறுவதில்லை. நேற்று வாசித்தது இன்றைக்கு வராது. ஒரு பாட்டு முடிகிற இடத்தில் நிறுத்தாமல், அங்கிருந்தே தடவித் தடவி அடுத்த பாட்டுக்குள் நுழைவார்கள். 'டார்க் ஸ்டார்' என்று அவர்களுடைய பாட்டு ஒன்று. 1968இல் ஸ்டுடியோவில் பதிவு செய்து சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, வந்தபோது அது மூன்று நிமிஷம்கூட இல்லை. அதே பாட்டை 1969 பிப்ரவரி 27ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்டில் வாசித்தபோது 23 நிமிஷம். நடுவர் அவர்களே, அந்தக் கூடுதல் 20 நிமிஷம் முழுக்க மனோதர்மம். எழுதி வைத்ததில் அது கிடையாது. அந்த ராத்திரியில்தான் இருக்கிறது.

எதிரணியில் யாராவது இப்போது எழுந்து கேட்கலாம்: அந்த 23 நிமிஷம் உனக்குக் கிடைத்ததே 'லைவ்/டெட்' என்ற தொகுப்பு ஆல்பத்தில்தானே, பல ராத்திரிகளிலிருந்து பொறுக்கி எடுத்துச் செய்ததுதானே அது? உண்மை. அருமையான ஆல்பம், நான் மறுக்கவே இல்லை. ஆனால் 2005இல் அந்த ஃபில்மோர் வெஸ்ட் கச்சேரிகள் நான்கும் முழுசாக 10 சிடிகளில் வந்தன. அதே பாட்டை அடுத்த ராத்திரி அவர்கள் எப்படி வேறு பாதையில் கொண்டுபோனார்கள், முதல் நாள் கண்டுபிடித்ததை அடுத்த நாள் எப்படிக் கைவிட்டார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் காதில் விழுந்தது. பொறுக்கியவர் நல்லதைத்தான் பொறுக்கினார். ஆனால் அந்த நல்லது எப்படி வந்து சேர்ந்தது என்பது பொறுக்கலில் காணாமல் போயிருந்தது.

சரி, பொறுக்குவது யார்? எதிரணி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்ல ராத்திரி எது, மோசமான ராத்திரி எது என்று தீர்ப்பு எழுதும் அதிகாரம் யாருடையது? இங்கேதான் கார்னெல் கச்சேரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1977 மே 8. நியூயார்க் மாநிலத்தின் இதாகா ஊரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் கச்சேரி. மே மாதத்தில், வெளியே பனி பெய்த நாள். ஒலிப்பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண். அந்தக் காலத்து ராக் உலகத்தில் ஒலிப்பதிவில் பெண்களைப் பார்ப்பதே அபூர்வம். அவர் பதிவு செய்தது இரண்டே டிராக்கில். இதன் அர்த்தத்தைக் கவனியுங்கள். பதினாறு டிராக்கில் பதிந்தால் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும், பிற்பாடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று நிதானமாக முடிவு செய்யலாம். இரண்டு டிராக்கில் அந்த வசதி இல்லை. கார்சியாவின் கிட்டார் அந்த நொடியில் எவ்வளவு கேட்க வேண்டும், ஃபில் லெஷின் பேஸ் கிட்டார் எவ்வளவு கேட்க வேண்டும் என்று பெட்டி அங்கேயே, அப்போதே முடிவு செய்தார். அந்த முடிவு டேப்பில் ஏறியது ஏறியதுதான், மாற்ற முடியாது. மேடையில் இருந்தவர்கள் மாதிரியே அவரும் அன்றைக்கு ஒரே தடவையில் வாசித்தார் என்றுதான் நான் சொல்வேன்.

அந்த டேப்புகளுக்கு என்ன கதி வந்தது தெரியுமா? சில வருஷங்கள் கழித்துக் குழுவோடு அவருக்கு இருந்த தொடர்பு போனது, கையில் பணமும் இல்லை. வாடகைக் கிடங்கில் போட்டு வைத்திருந்தவை 1986இல் பாக்கிக்காக ஏலத்தில் போய்விட்டன. யார் யாரோ வாங்கினார்கள். அதிலிருந்து எடுத்த பிரதிகள் ரசிகர்கள் கைக்கு வந்தன. ஒருவர் மற்றவருக்குக் கேசட்டில் பதிந்து கொடுத்தார், அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். இப்படிக் கைமாறிக் கைமாறியே, கார்னெல் கச்சேரிதான் இவர்களுடைய உச்சம் என்று ஒரு தலைமுறை பேச ஆரம்பித்தது. எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்யவில்லை. ஆல்பமாகவும் வரவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலத்துக்கும் காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று ஒரு தேசியப் பட்டியல் வைத்திருக்கிறது. 2012இல் இந்தக் கார்னெல் பதிவை அதில் சேர்த்தார்கள். கச்சேரி அதிகாரபூர்வமாக வெளிவந்ததோ 2017இல்! கடையில் கிடைப்பதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே ஒரு தேசத்தின் சொத்தாகிவிட்ட பதிவு அது. அதைப் பொறுக்கி எடுத்தது எந்தத் தொகுப்பாளர், எதிரணி நண்பர்களே? கேட்டவர்கள்தான் பொறுக்கினார்கள். முழுசாகக் கேட்க முடிந்ததால் பொறுக்கினார்கள்.

அந்தப் பதிவுக்குள் ஓர் இடம். இடைவேளை முடிந்து இரண்டாம் பாதி ஆரம்பிக்கிறது. பாட்டு ஆரம்பிக்கவில்லை. முன்னால் நிற்பவர்களைக் கூட்டம் நெருக்குகிறது. எல்லாரும் ஒரு அடி பின்னால் போங்கள் என்று மேடையிலிருந்து மைக்கில் கேட்டுக்கொள்கிறார்கள். கூட்டத்தின் சத்தம் கேட்கிறது. அதற்கப்புறம்தான் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' ஆரம்பிக்கிறது, அதிலிருந்து நிறுத்தாமல் 'ஃபயர் ஆன் த மவுன்டன்' பாட்டுக்குள் போகிறார்கள். இந்த இரண்டாவது பாட்டு மேடைக்கு வந்தே அப்போது இரண்டு மாசம்கூட ஆகவில்லை. பொறுக்கித் தொகுப்பவர் கத்தரியை எடுத்தால் முதலில் போவது அந்தப் பின்னால் போங்கள் பேச்சுதான். முழுசாக வைத்தால் அது அப்படியே இருக்கும். அதைக் கேட்டுவிட்டுப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பேர் இடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கூடத்துக்குள் அந்த இசை பிறந்தது என்பது காதுக்குத் தெரியும். வெட்டிவிட்டுக் கேட்டால் அது ஸ்டுடியோவிலிருந்து வந்தது போலத்தான் இருக்கும்.

அடுத்து, மோசமான ராத்திரி என்ற வாதம். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 1995இல் கார்சியாவின் உடம்பு தேறவில்லை, பாட்டின் வரிகள் மறந்தன, விரல் தடுமாறியது. அந்த வருஷக் கச்சேரிகளை வெளியிடலாமா என்று கேட்பவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் 2015இல், வருஷத்துக்கு ஒன்று என்று 30 கச்சேரிகளை 80 சிடிகளில் கொண்டுவந்தபோது, 1995ஐ விட்டுவிடவில்லை. அந்த வருஷம் பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த கச்சேரி முழுசாக அதில் இருக்கிறது. அதுதான் சரி. முடியாத உடம்போடு ஒரு மனிதன் மேடை ஏறிப் பாடினான் என்றால், அது அவனுக்கு எப்படி அவமரியாதை ஆகும்? அப்புறம் இன்னொன்று. யாருக்கும் தெரியாமல் திருடிய பதிவுகள் அல்ல இவை. 1984இலிருந்து, பதிவு செய்ய வருகிற ரசிகர்களுக்கென்று அரங்கத்தில் தனி இடம் ஒதுக்கி, தனி டிக்கெட்டே கொடுத்தது இந்தக் குழு. வாசிப்பது அத்தனையும் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகப்போகிறது என்று தெரிந்தேதான் வாசித்தார்கள். ரசிகர்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. பதிவு வேண்டும் என்றால் வெற்றுக் கேசட்டும் திரும்பி வரத் தபால் செலவும் அனுப்பினால் போதும், முகம் தெரியாத ஒருவர் பதிந்து அனுப்புவார். காசுக்கு விற்கக் கூடாது என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு.

நடுவர் அவர்களே, எனக்கு மிகவும் நெருக்கமான சாட்சியை இப்போதுதான் கூப்பிடுகிறேன். ரான் மெக்கெர்னன். எல்லாரும் பிக்பென் என்றுதான் கூப்பிட்டார்கள். குழு ஆரம்பித்த நாளிலிருந்து இருந்தவர், ப்ளூஸ் பாட்டைத் தன் சொத்து மாதிரி பாடியவர். குடி அவர் உடம்பைத் தின்றது. 1972 ஏப்ரல், மே மாதங்களில் குழு ஐரோப்பாவில் 22 கச்சேரிகள் செய்தது. பிக்பென் அந்த நிலைமையிலும் கூடவே போனார், பாடினார். அதற்கப்புறம் குழுவோடு மேடையில் அவர் பாட்டு கிடையாது. 1973 மார்ச்சில் இறந்துபோனார். வயசு 27.

அந்தப் பயணத்திலிருந்து பொறுக்கித் தொகுத்து 1972 நவம்பரில் 'யூரோப் 72' என்று மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். புகழ்பெற்ற ஆல்பம். குரல்களை ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்த்திருக்கிறார்கள், அது போகட்டும். அந்த மூன்று தட்டுகளில் பிக்பென் முன்நின்று பாடுவது இரண்டே பாட்டு. அவரே எழுதி அந்தப் பயணத்தில் பாடிய பாட்டு ஒன்று உண்டு, ஸ்டுடியோவுக்குப் போகவே போகாத பாட்டு. அது ஆல்பத்தில் இல்லை. தொகுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று தட்டுக்குள் எல்லாம் அடங்காது. ஆனால் ஆல்பம் வந்த நான்கு மாசத்தில் அவர் போய்விடுவார் என்று பொறுக்கும்போது யாருக்குத் தெரியும்? 2011இல் 22 கச்சேரிகளும் முழுசாக 73 சிடிகளில் வந்தன. இப்போது ஒவ்வொரு ராத்திரியிலும் பிக்பென் இருக்கிறார். ஒரு நாள் குரல் கனத்து வருகிறது, ஒரு நாள் மெலிந்து வருகிறது. அவர் எழுதிய அந்தப் பாட்டும் இருக்கிறது. 1972இன் தொகுப்போடு எல்லாம் முடிந்திருந்தால் இந்த மனிதன் மேடையில் பாடிய கடைசி இரண்டு மாசத்தில் நமக்கு மிஞ்சியிருக்கப்போவது பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவோ அதிகமோதான்.

இரைச்சல், வெட்டு என்ற வாதத்துக்கு வருகிறேன். டேப் சுருள் என்பது 2,500 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 15 அங்குலம் என்று ஓடினால் 33 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பாட்டு நடுவில் இருந்தாலும் சுருளை மாற்றித்தான் ஆக வேண்டும், அந்த நேரத்தில் வாசித்தது பதிவாகாது. அந்த ஓட்டையை எதை வைத்து அடைத்தார்கள்? பல வெளியீடுகளில், கூட்டத்துக்குள் நின்று ரசிகர் ஒருவர் பதிவு செய்த டேப்பை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒட்டு தெரியும். திடீரென்று கைதட்டல் கிட்டே வரும், வாத்தியங்கள் தூரப் போகும், கொஞ்ச நேரத்தில் பழையபடி தெளிவு திரும்பும். எதிரணிக்கு அது குறை. அந்த ஒட்டில் ஒரு ரசிகரின் உழைப்பு கம்பெனி வெளியீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது, எனக்கு அது பெருமை. மற்றபடி, காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை இளகிப்போன பழைய டேப்பை 50 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வெப்பத்தில் மணிக்கணக்காக வாட்டி ஓட வைக்கிறார்கள். பதிவின்போது டேப்பில் விழுந்த, காதுக்கு எட்டாத உயர் அதிர்வின் மிச்சத்தைப் படித்து, டேப் எங்கெங்கே வேகம் கூடிக் குறைந்து ஓடியது என்று கணக்கிட்டுச் சுருதியை நேராக்குகிறார்கள். இவ்வளவு சிரத்தை எடுக்கிற காலத்தில் இரைச்சலைக் காரணம் காட்டிப் பாதிக் கச்சேரியைப் பூட்டி வைப்பது நியாயமே இல்லை.

பணம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அந்த 73 சிடி பெட்டியை 7,200 மட்டுமே போட்டார்கள், சில நாட்களில் தீர்ந்தது. வாங்கியவர்கள் தெரிந்தே வாங்கினார்கள். வாங்க முடியாதவர்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் கிடங்கில் ஆயிரக்கணக்கான பதிவுகள் இலவசமாகவே இருக்கின்றன. 2005இல் குழுவின் தரப்பில் அவற்றை அங்கிருந்து விலக்கப் பார்த்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள், ஃபில் லெஷே அவர்கள் பக்கம் நின்றார், பதிவுகள் திரும்பி வந்தன.

மணி அடித்துவிட்டது, உட்கார்ந்துவிடுகிறேன். எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருகிறார். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஐரோப்பாவின் 22 ராத்திரிகளின் பட்டியலை அவர் மேசைமேல் வைக்கிறேன். பிக்பென் பாடிய எந்த ராத்திரியைப் பூட்டி வைக்கலாம் என்று பெயர் சொல்லிவிட்டு அவர் தன் வாதத்தை ஆரம்பிக்கட்டும். நன்றி, வணக்கம்.